பாங்காக்கில் பேரம்: வாய் ஜெயிக்குமா, விவரம் ஜெயிக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் ஷாப்பிங் பத்திப் பேசப் போறோம். நமக்கு மொழியும் தெரியாது, விலையும் தெரியாது, அப்படி ஒரு ஊர்ல போய்ப் பொருள் வாங்கறது எப்படி? எல்லா நாட்டையும் ஒண்ணா சேர்த்துப் பேசினா யாருக்கும் உதவாது. அதனால ஒரே ஒரு ஊரை எடுத்துக்கறேன்: பாங்காக். நம்மள்ல நிறைய பேருக்கு முதல் வெளிநாட்டுப் பயணமே அதுதான். சென்னையிலிருந்து நேரா போற விமானம், சின்ன பட்ஜெட், பெரிய சந்தைகள். பெட்டியில பாதி இடத்தைக் காலியா வச்சுக்கிட்டுதான் கிளம்பறாங்க.

அப்படிப் போறவங்களுக்கு ரெண்டு பயம் இருக்கும். ஒண்ணு, "ஏமாந்துடுவோமோ?" இன்னொண்ணை யாரும் வெளியில சொல்றதில்லை: "அம்பது ரூபாய்க்காக இந்த அக்காகிட்ட இவ்வளவு இழுக்கணுமா?" முதல் பயம் நம்மைச் சந்தேகப் பிராணி ஆக்கிடுது. ரெண்டாவது வந்துட்டா, சொன்ன விலையைக் கொடுத்துட்டு வந்து ராத்திரி ரூம்ல உட்கார்ந்து புலம்பறோம். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன். பேரத்துல ஜெயிக்கறது வாய் இல்லை, விவரம். அது எப்படின்னு படிப்படியா பார்க்கலாம்.

எங்க பேரம் பேசலாம், எங்க கூடாது?

முதல்ல ஒரு சின்ன வரலாறு. விலைச்சீட்டு ஒட்டி, வர்ற எல்லாருக்கும் ஒரே விலைன்னு விக்கறது இன்னிக்கு நமக்குச் சாதாரணமா தெரியுது. ஆனா அது ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. பாரிஸ்ல அரிஸ்டிட் பூசிகோ 1852-ல 'லெ பான் மார்ஷே' கடையில பங்குதாரரா சேர்ந்தார். நிலையான விலையை ஒரு பெரிய வியாபார முறையாவே அங்க வளர்த்தெடுத்தார். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்துல ஜான் வானமேக்கர் அதே வழியில போனார். இவங்களுக்கு முன்னாடியும் அங்கங்க சிலர் ஒரே விலைக்கு வித்திருக்காங்க. ஆனா பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் வந்த பிறகுதான் அது ஊர் வழக்கமாச்சு.

ஏன் அப்படி? ஒரு காரணம் ரொம்ப எளிமையானது. கடை பெருசானா முதலாளி கல்லாவுல உட்கார முடியாது. சம்பளத்துக்கு நூறு பேர் விப்பாங்க. அந்த நூறு பேரும் ஆளாளுக்கு ஒரு விலை பேசினா கணக்கு என்ன ஆகும்? அதனால விலையைச் சீட்டுல எழுதி, பேசற அதிகாரத்தை விக்கறவங்க கையிலிருந்து எடுத்துட்டாங்க.

இதுல இருந்து நமக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்குது. ஒரு கடைக்குள்ள போனதும் இதைக் கேட்டுக்கோங்க: "எதிர்ல நிக்கறவங்களுக்கு விலையைக் குறைக்கற அதிகாரம் இருக்கா?" 7-லெவன்ல பில் போடற பையனுக்கு இல்லை. பிக் சி சூப்பர்மார்க்கெட்ல இல்லை. சியாம் பாரகான் மாதிரி மால்ல இருக்கற பிராண்ட் கடைகள்லயும் இல்லை. அங்க போய் "லாஸ்ட் எவ்வளவு?"ன்னு கேட்டா அவங்க பாவம், முழிப்பாங்க.

சதுசக் வாரச் சந்தையில ஒரு ஸ்டால்ல நிக்கற அக்கா பெரும்பாலும் ஓனராவோ ஓனர் வீட்டு ஆளாவோ இருப்பாங்க. அங்க பேசலாம். பிரதுனாம் பக்கம் துணிக் கடைகள், அங்க இருக்கற பிளாட்டினம் ஃபேஷன் மால், இதெல்லாம் மொத்த வியாபாரப் பழக்கம் உள்ள இடங்கள். அங்க விலை குறையறது பேச்சால இல்லை, எண்ணிக்கையால. ஒண்ணு வாங்கினா ஒரு விலை, மூணு வாங்கினா வேற விலைன்னு எழுதியே வச்சிருப்பாங்க. கூட வந்த நண்பர்கள் சேர்ந்து மூணா வாங்கினா வாயே திறக்காம விலை குறையும்.

தெருவோரச் சாப்பாட்டுக் கடையில பேரம் கிடையாது. ஒரு தட்டு பாட் தாய்க்கு எழுதி வச்ச விலைதான், உள்ளூர்க்காரரும் அதைத்தான் கொடுக்கறார். டாக்ஸியில மீட்டர் இருக்கு, போடச் சொன்னா போதும். டுக் டுக்ல மீட்டர் இல்லை. ஏறறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடணும். நம்ம ஊர் ஆட்டோவுல பழகின கைக்கு இது ஒண்ணும் புதுசில்லை.

கடைக்காரருக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியாது?

கிளிஃபோர்ட் கீர்ட்ஸ்னு ஒரு அமெரிக்க மானிடவியலாளர். மொராக்கோவுல செஃப்ரூங்கற சின்ன ஊரோட பஜாரைப் பல வருஷம் கவனிச்சு 1978-ல ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதோட சாரம் இது: பஜார்ல பொருளுக்குப் பஞ்சம் இல்லை, தகவலுக்குத்தான் பஞ்சம். எந்தப் பொருள் தரமானது, சரியான விலை என்ன, பக்கத்துக் கடையில என்ன சொல்றாங்க, இதெல்லாம் யாருக்கும் முழுசா தெரியாது. அங்க நடக்கற பேரம், அலைச்சல், ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போறது எல்லாமே அந்தத் தகவலைத் தேடற வேலைதான்.

அந்தக் கடைசி விஷயத்துக்கு நம்ம மொழியிலேயே ஒரு வார்த்தை இருக்கு: வாடிக்கை. அம்மா ஏன் ஒரே காய்கறிக்காரர்கிட்ட பத்து வருஷமா வாங்கறாங்க? ஒவ்வொரு நாளும் விலை விசாரிக்கற வேலை மிச்சம். அவர் ஏமாத்தினா நாளைக்கு வியாபாரம் போயிடும்னு அவருக்கும் தெரியும். வாடிக்கைங்கறது ரெண்டு பக்கமும் கட்டிப் போடற ஒரு கயிறு.

டூரிஸ்ட்டுக்கு அந்தக் கயிறு இல்லை. நாம ஒரே ஒரு தடவை வருவோம். திரும்பி வரமாட்டோம்னு கடைக்காரருக்கு நல்லாவே தெரியும். அதுமட்டும் இல்லை, அவருக்குத் தெரிஞ்ச மூணு விஷயம் நமக்குத் தெரியாது: அந்தப் பொருளை அவர் என்ன விலைக்கு எடுத்தார், இதுக்கு முன்னாடி வந்தவங்க என்ன கொடுத்தாங்க, அடுத்த சந்துல அதே பொருள் என்ன விலை. நமக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணு, அதாவது நம்மால எவ்வளவு கொடுக்க முடியும்ங்கறது. நாம அந்தப் பொருளைப் பார்த்து "வாவ், சூப்பரா இருக்குல்ல?"ன்னு கத்தற நிமிஷத்துல அதையும் அவருக்குச் சொல்லிடறோம்.

அதனால முதல்ல சொல்ற விலையை ஏமாத்து வேலைன்னு எடுத்துக்க வேண்டாம். அதை ஒரு கேள்வின்னு எடுத்துக்கோங்க. "உனக்கு இதைப் பத்தி எவ்வளவு தெரியும்?"னு கடைக்காரர் கேக்கறார். பதில் சொல்றதுக்கு நம்மகிட்ட ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான்.

'பாதி விலைக்குக் கேளு' ஏன் தப்பான அறிவுரை?

வெளிநாட்டுச் சந்தைக்குப் போறோம்னு சொன்னா ஒரு மாமாவாவது கண்டிப்பா சொல்லுவார்: "என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேளு." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு கோளாறு இருக்கு.

1974-ல ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வைப் பத்தி எழுதினாங்க. ஆட்களை உட்கார வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தினாங்க. அது 10-லயோ 65-லயோ மட்டும் நிக்கற மாதிரி முன்னாடியே செட் பண்ணி வச்சிருந்தாங்க. பிறகு ஒரு கேள்வி: ஐ.நா. சபையில இருக்கற நாடுகள்ல எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள்? 10 பார்த்தவங்களோட பதில் 25-ஐ ஒட்டி வந்துச்சு. 65 பார்த்தவங்களோட பதில் 45-ஐ ஒட்டி வந்துச்சு. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் முதல்ல காதுல விழுந்த எண் மனசைக் கட்டி இழுத்துடுது. நங்கூரம் போட்ட படகு மாதிரி, கொஞ்சம் இப்படி அப்படி ஆடுவோம், ஆனா அந்த எண்ணை விட்டு ரொம்ப தூரம் போகமாட்டோம்.

இப்ப சந்தைக்கு வாங்க. ஒரு உதாரணக் கணக்கு போடலாம். யானைப் படம் போட்ட தொளதொளன்னு ஒரு பேன்ட், பாங்காக்ல டூரிஸ்ட் போற இடமெல்லாம் தொங்கும். ஒரு கடையில 400 பாட் சொல்றாங்க. நீங்க மாமா சொன்னபடி 200-க்குக் கேட்டு, 220-க்கு முடிச்சு, ஜெயிச்ச சந்தோஷத்துல வர்றீங்க. அடுத்த சந்துல அதே பேன்ட் 150-ன்னு அட்டையில எழுதித் தொங்குது. பாதி விலைங்கறது அவர் சொன்ன எண்ணோட பாதி. அந்த எண்ணே காத்துல வந்ததுன்னா அதோட பாதிக்கு என்ன அர்த்தம்?

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். சதுசக்ல தானே டிசைன் பண்ணி, தானே தைச்சு, கொண்டு வந்து விக்கற இளைஞர்கள் நிறைய பேர். அவங்க 300 பாட்னு சொன்னா அது பெரும்பாலும் உண்மையான விலைக்குப் பக்கத்துலதான் இருக்கும். ரெண்டு பொருள் எடுத்தா ஒரு 10 சதவீதம் குறைக்கலாம், அவ்வளவுதான். அங்க போய் 150-ன்னு சொன்னா அதுக்குப் பேர் பேரம் இல்லை, அவமரியாதை. முகத்துல சிரிப்பு மாறாம அவங்க அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிடுவாங்க.

அதனால சதவீதக் கணக்கை விட்டுடுங்க. கடைக்காரர் சொல்ற எண்ணுல இருந்து ஆரம்பிக்காம, நீங்க கொண்டு வர்ற எண்ணுல இருந்து ஆரம்பிங்க.

அந்த எண் எங்கிருந்து வரும்?

வழி ஒண்ணு: முதல் அரை மணி நேரம் எதையும் வாங்காதீங்க. சும்மா நடங்க. சதுசக்ல 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கான கடைகள். பிடிஎஸ் ரயில்ல மோ சிட் ஸ்டேஷன்ல இறங்கிக் கூட்டத்தோடயே போனா வந்துடும். சனி, ஞாயிறுதான் முழுச் சந்தையும் நடக்கும். ஒரே பொருள் மூணு கடையில தென்படுதான்னு பாருங்க. தென்பட்டா அது தொழிற்சாலையில மொத்தமா தைச்சது, விலை குறையும். ஒரே ஒரு கடையிலதான் இருக்குன்னா அது அவங்க கைவேலையா இருக்க வாய்ப்பு அதிகம், அங்க விலை அவ்வளவா இறங்காது. ஒரு முக்கியமான விஷயம்: பிடிச்ச கடையோட பிரிவு எண்ணையும் சந்து எண்ணையும் போட்டோ எடுத்துக்கோங்க. "அப்புறமா வரலாம்"னு விட்டுட்டு வந்தா அந்தக் கடையைத் திரும்பக் கண்டுபிடிக்கறது குதிரைக்கொம்பு.

வழி ரெண்டு: விலைச்சீட்டு இருக்கற இடத்தை அளவுகோலா வச்சுக்கோங்க. காஞ்ச மாம்பழம், டாம் யம் மசாலா, தலைவலித் தைலம் இதெல்லாம் வாங்கணும்னா முதல்ல ஒரு பிக் சிக்குள்ள போய் விலையைப் பாருங்க. டூரிஸ்ட் தெருவுல அதையே என்ன சொல்றாங்கன்னு பிறகு கேளுங்க, வித்தியாசம் புரிஞ்சுடும். டுக் டுக் பிடிக்கறதுக்கு முன்னாடி கிராப் ஆப்ல அதே தூரத்துக்கு என்ன காட்டுதுன்னு பாருங்க. புக் பண்ணணும்னு கட்டாயம் இல்லை, எண் தெரிஞ்சா போதும்.

வழி மூணு: உங்க ஊர் விலை. இந்தப் பொருள் தி.நகர்லயோ கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்லயோ கிடைக்குமா? கிடைச்சா என்ன விலை? நிறைய தடவை இதுலயே கதை முடிஞ்சுடும். 250 பாட்னு சொல்றப்ப 250 ரூபாய் மாதிரியே காதுல விழும். கணக்கு போட்டா கிட்டத்தட்ட அதைப் போல ரெண்டரை, மூணு மடங்கு. போற அன்னிக்கு உள்ள ரேட்டைப் பார்த்து ஒரு வாய்ப்பாடு மாதிரி மனசுல ஏத்திக்கோங்க: 100 பாட்னா இத்தனை ரூபாய், 500 பாட்னா இத்தனை ரூபாய்.

இந்த மூணையும் வச்சு வாய் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு முடிவு எடுங்க: "இது எனக்கு இவ்வளவு மதிப்பு. இதுக்கு மேல போனா வேண்டாம்." அந்த எண்தான் உங்க நங்கூரம்.

பேச்சு எப்படி இருக்கணும்?

பாங்காக் சந்தையில பேரம் பெரும்பாலும் சத்தம் இல்லாம நடக்கும். நடுவுல ஒரு கால்குலேட்டர் இருக்கும். அவங்க ஒரு எண்ணைத் தட்டிக் காட்டுவாங்க, நீங்க ஒரு எண்ணைத் தட்டுவீங்க. ரெண்டு மூணு தடவை அங்கயும் இங்கயும் போனா முடிஞ்சது. குரலை உசத்தறது, பொருளைத் தூக்கிப் போடறது, "இதெல்லாம் ஒரு துணியா?"ன்னு மட்டம் தட்டறது, இதெல்லாம் அங்க எடுபடாது. நாலு பேர் முன்னாடி ஒருத்தரைச் சிறுமைப்படுத்தறதைத் தாய் மக்கள் பெரிய குற்றமா பார்ப்பாங்க. கோபப்பட்டவர்தான் அங்க தோத்தவர்.

மூணு சொல் கத்துக்கோங்க. "தாவ் ராய்?"னா எவ்வளவு. "லொட் டாய் மை?"னா குறைக்க முடியுமா. "கோப் குன்"னா நன்றி. ஆண்கள் கடைசியில "க்ரப்" சேர்த்துக்கணும், பெண்கள் "கா" சேர்த்துக்கணும். நம்ம "ங்க" மாதிரி அது ஒரு மரியாதை விகுதி. உச்சரிப்பு தப்பா வந்தாலும் பரவாயில்லை. முயற்சி பண்றீங்கங்கறதே முகத்தை மாத்திடும்.

ஒரு விஷயம் உங்களுக்கு உடனே புரியும்: முதல் போணி. நம்ம ஊர்ல காலையில முதல் வியாபாரம் நல்லபடியா முடியணும்னு கடைக்காரர் பார்ப்பார்ல? தாய்லாந்துலயும் அந்த நம்பிக்கை உண்டு. முதல் வியாபாரம் முடிஞ்சதும் வாங்கின நோட்டால சரக்கு மேலயெல்லாம் தட்டிக்கிட்டே போற காட்சியை அங்க பார்க்கலாம். அதிர்ஷ்டம் வரட்டும்னு அர்த்தம். அதனால காலையில கடை திறந்த நேரத்துல போனா கொஞ்சம் இறங்கி வருவாங்க. ஆனா வாங்கற எண்ணம் இல்லாம அந்த நேரத்துல விலை மட்டும் பேசிட்டு நகர்ந்துடாதீங்க. முதல் போணி முறிஞ்சா எப்படி இருக்கும்னு நமக்கே தெரியும்.

இன்னும் ரெண்டு விதி. ஒண்ணு, நீங்க ஒரு விலை சொல்லி அவங்க "ஓகே"ன்னுட்டா வாங்கியே ஆகணும். அது வாக்கு. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறதா இருந்தா எண் சொல்லாதீங்க. ரெண்டு, கிளம்பிப் போற மாதிரி நடந்து காட்டறது ஒரு தடவைதான் வேலை செய்யும். உண்மையிலேயே போகத் தயாரா இருந்தா மட்டும் நடங்க. கூப்பிட்டாங்கன்னா உங்க விலை சரி. கூப்பிடலைன்னா அந்த விலைக்கு அவங்களுக்குக் கட்டுப்படியாகலை. அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த கடையில உதவும்.

கையில சில்லறையா பணம் வச்சுக்கோங்க. அங்கயும் எங்க பார்த்தாலும் க்யூஆர் அட்டை தொங்கும், ஆனா அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கான பிராம்ப்ட்பே முறை. 120 பாட்டுக்கு அரை மணி நேரம் பேசிட்டு 1,000 பாட் நோட்டை நீட்டினா ரெண்டு பேருக்கும் சங்கடம்.

விவரமே கிடைக்காத இடம்: ரத்தினக்கல்

இதுவரைக்கும் சொன்னதுல தப்பு நடந்தா போறது நூறு, இருநூறு பாட். இப்ப சொல்லப் போறதுல லட்சக்கணக்குல போகும். பாங்காக்ல பல வருஷமா நடந்துட்டு வர்ற ஒரு மோசடி இது.

கிராண்ட் பேலஸ் பக்கத்துல நடந்து போறீங்க. நல்லா டிரெஸ் பண்ணின ஒருத்தர் சிரிச்சுப் பேசறார். "அரண்மனை இன்னிக்கு மூடியிருக்கே, விசேஷம்"ங்கறார். "பரவாயில்லை, பக்கத்துல ஒரு புத்தர் கோயில் இருக்கு, ரொம்ப விசேஷமானது. டுக் டுக் இருபது பாட்தான்"னு ஒரு வண்டியை நிறுத்தறார். கோயில்ல இன்னொருத்தர் தற்செயலா சந்திக்கற மாதிரி வந்து, "இன்னிக்கு அரசாங்கச் சலுகையோட கடைசி நாள், ரத்தினக்கல்லுக்கு வரி இல்லை, நான் போன வருஷம் வாங்கிப் போய் ஊர்ல ரெண்டு மடங்குக்கு வித்தேன்"னு சொல்றார். டுக் டுக்காரர் தானா ஒரு நகைக் கடை வாசல்ல கொண்டு போய் நிறுத்தறார். வாங்கின கல்லை ஊர்ல காட்டினா கொடுத்த காசுல சின்னப் பங்குகூடத் தேறாது.

படிச்சவங்க, விவரமானவங்ககூட இதுல விழறாங்க. ஏன்? நாம இவ்வளவு நேரம் பேசின அதே காரணம்தான். "நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தானே வாங்கினேன்"னு அவங்க நினைக்கறாங்க. ஆனா அந்த நாலு பேரும் ஒரே கூட்டாளிங்க. விக்கறவங்க பக்கத்துல இருந்து வர்ற தகவல் எத்தனை வாயில வந்தாலும் அது ஒரே தகவல்தான்.

பேன்ட்டோட விலையை நாம அரை மணி நேரத்துல கத்துக்கலாம். மாணிக்கக் கல்லோட தரத்தைக் கத்துக்க வருஷங்கள் ஆகும். தாய்லாந்துல நேர்மையான ரத்தின வியாபாரம் நிறையவே நடக்குது. சந்தபுரிங்கற ஊர் அதுக்குப் பேர் போனது. கல்லைச் சோதிச்சுச் சான்றிதழ் தர அரசு சார்ந்த ரத்தினக்கல் நிறுவனமும் பாங்காக்ல இருக்கு. ஆனா கல்லைப் பத்தித் தெரியாம, டூர் போன இடத்துல, முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க. அரண்மனை வழக்கமா தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரைக்கும் திறந்திருக்கும். மூடியிருக்கான்னு நுழைவாயில்ல மட்டும் கேளுங்க. ஏதாவது சிக்கல்னா சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

பேரத்துல மிச்சம் பிடிச்சதை எங்க தொலைக்கறோம்?

இருபது பாட்டுக்குப் பேசிட்டு இருநூறு பாட்டைக் கண்ணுக்குத் தெரியாம விட்டுடறோம். மூணு இடத்தைச் சொல்றேன்.

முதல்ல கார்டு மெஷின். "ரூபாயில கட்டறீங்களா, பாட்லயா?"ன்னு திரையில கேக்கும். ரூபாய்னு பார்த்ததும் மனசுக்கு நிம்மதியா இருக்கும், ஆனா அந்த மாற்று விகிதத்துல அவங்க லாபம் வச்சுத்தான் போடுவாங்க. எப்பவும் பாட்னே அமுக்குங்க. ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், இதே பதில்.

அடுத்தது ஏடிஎம் கட்டணம். வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவை பணம் எடுக்கறப்பவும் 200 பாட்டுக்கு மேல பிடிப்பாங்க. 1,000 எடுத்தாலும் அதே கட்டணம், 10,000 எடுத்தாலும் அதே கட்டணம். உங்க வங்கி போடற கட்டணம் தனி. அதனால அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க.

மூணாவது, வரி திரும்ப வாங்காம விடறது. தாய்லாந்துல மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். டூரிஸ்ட்டுக்கு வரி திரும்பத் தரப்படும்னு போர்டு வச்சிருக்கற கடையில, ஒரே நாள்ல 2,000 பாட் அல்லது அதுக்கு மேல வாங்கினா, பாஸ்போர்ட்டைக் காட்டி அதுக்கான படிவத்தை அங்கயே கேட்டு வாங்கிக்கோங்க. சுங்கத் துறை முத்திரை தேவைப்படற அளவுக்கு வாங்கியிருந்தா, ஏர்போர்ட்ல பெட்டியை செக்-இன் பண்றதுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல காட்டி வாங்கிடணும். பெட்டி உள்ள போன பிறகு ஞாபகம் வந்தா பிரயோஜனம் இல்லை. கட்டணம் கழிச்சுத்தான் கையில வரும், அதனால முழு 7 சதவீதமும் வராது. சதுசக் ஸ்டால்ல இதெல்லாம் எதிர்பார்க்காதீங்க, மால் கடைகளுக்குத்தான் இது.

காசு போறதோட நிக்காத ரெண்டு பொருள் இருக்கு. புத்தர் சிலை சந்தையில கிடைக்கும், ஆனா தாய்லாந்துக்கு வெளியில எடுத்துட்டுப் போக அவங்க நுண்கலைத் துறையோட அனுமதி வேணும். வேப், அதாவது மின் சிகரெட், தெருவுல வச்சு வித்தாலும் தாய்லாந்துல அதை விக்கறது சட்டப்படி குற்றம். இந்தியாவும் 2019-ல தடை பண்ணிடுச்சு. "அங்க எல்லாரும் விக்கறாங்களே"ங்கறது எந்த ஏர்போர்ட்லயும் பதில் ஆகாது.

எங்க நிறுத்தணும்?

இப்ப அந்த ரெண்டாவது பயத்துக்கு வர்றேன். நமக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு விலைன்னா அது அநியாயம் இல்லையா?

கிராண்ட் பேலஸுக்கு வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய் மக்களுக்கு இலவசம். இதை யாரும் மறைக்கறதில்லை, போர்டுலயே போட்டிருக்கு. நம்ம தாஜ்மஹால்லயும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்தான். அது அரசாங்கம் எடுத்த முடிவு, அதுல பேரம் இல்லை. சந்தைக் கடையில பத்து, இருபது பாட் கூடக் கொடுக்கறதையும் அந்த மாதிரி பார்க்கலாம். அந்த ஊர்ல வாடிக்கை இல்லாத நாம, விசாரிக்கற அலைச்சலுக்குப் பதிலா கொடுக்கற சின்னக் கூலி அது. மூணு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆனா கடைசிப் பத்து பாட் வரைக்கும் பிடிச்சு உலுக்கவும் வேண்டியதில்லை.

நீங்க முன்னாடியே முடிவு பண்ணின எண்ணுக்குள்ள விலை வந்துட்டா பேச்சை நிறுத்துங்க. "இன்னும் கொஞ்சம் இறங்குவாங்களோ?"ங்கற எண்ணம் வரும், விட்டுடுங்க. உங்களுக்கு இது ஒரு மதிய நேர விளையாட்டு, அவங்களுக்கு அன்னிக்கு வாடகை. வாங்கின பிறகு அடுத்த கடையில அதே பொருளை விசாரிக்காதீங்க. அந்த எண் இனிமே உங்களுக்கு எதுக்கும் உதவாது, மனசை மட்டும் கெடுக்கும்.

மொத்தத்துல ஞாபகம் வச்சுக்க வேண்டியது மூணே கேள்விதான். எதிர்ல இருக்கறவருக்கு விலையைக் குறைக்கற அதிகாரம் இருக்கா? எனக்கு இந்தப் பொருளோட விலை எப்படித் தெரியும், அதைச் சொன்னது யாரு? எனக்கு இது எவ்வளவு மதிப்பு? மூணுக்கும் பதில் இருந்தா தைரியமா பேசுங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, எவ்வளவு பெரிய தள்ளுபடி சொன்னாலும் கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

இஸ்தான்புல், கெய்ரோ, மராகேஷ்னு எந்தச் சந்தைக்குப் போனாலும் பேசற முறை மாறும். அங்க டீ கொடுத்து உட்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஆனா இந்த மூணு கேள்வி மாறாது. நீங்க போன ஊர்ல பேரம் எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம். அதுவரைக்கும் சில்லறை பத்திரம்!